கனடாக் குளிரில் சமைக்காத உணவு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோடையில் சமைக்காத உணவுக்கு மாறி, உடம்பு லேசாகி, நித்திரை நன்றாகி, "இனி இப்படியேதான்" என்று முடிவெடுத்த பலர் டிசம்பர் பிறந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். வெளியே மைனஸ் பதினைந்து, பின்னேரம் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த இலைகளைப் பார்க்கவே உடம்பு நடுங்கும். ரொறன்ரோவில் என் முதல் குளிர்காலம் இப்படித்தான் போனது. கேட்டறிய ஆள் இல்லை. இணையத்தில் எழுதுகிறவர்களில் பலர் கலிபோர்னியாவிலோ தமிழ்நாட்டிலோ இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் இளநீரும் மாம்பழமும் ஜனவரி மாத ஸ்காபரோவில் நடைமுறைக்கு வராது.

ஆகவே இங்கே, இந்தக் குளிரில், நம் ஆட்கள் வாங்கக்கூடிய பொருட்களோடு எப்படிச் செய்வது என்பதை ஒழுங்காக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். குளிரில் இந்த உணவுமுறை தோற்பதற்கு இரண்டே காரணம்: போதுமான அளவு சாப்பிடாதது, எல்லாவற்றையும் சில்லென்று சாப்பிடுவது. இரண்டுக்கும் வழி இருக்கிறது.

1. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகுதான் கடை

தொடங்க நல்ல மாதம் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். ஜனவரி முதலாம் திகதி சபதம் எடுத்துத் தொடங்காதீர்கள், வருடத்திலேயே கடினமான நேரம் அதுதான். செப்டம்பரில் குடும்ப வைத்தியரிடம் நேரம் எடுங்கள். போகும்போது ஓஹிப் (ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி) அட்டை, நீங்கள் எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பட்டியல் (கடையில் நீங்களாக வாங்கும் விற்றமின்களும் சேர்த்து), பழைய ரத்தப் பரிசோதனை முடிவு இருந்தால் அதன் பிரதி, இவை மூன்றும் கையில் இருக்கட்டும்.

"சமைக்காத உணவுக்கு மாறப் போகிறேன், தொடங்குமுன் நிலைமை தெரிய வேண்டும்" என்று நேரடியாகச் சொல்லிக் கேளுங்கள். கேட்க வேண்டியவை: ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்பு அளவு, பி12, தைரொய்ட், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. விற்றமின் டி பரிசோதனையை ஒன்ராறியோவில் குறிப்பிட்ட சில நோய் நிலைகள் இருந்தால் மட்டுமே ஓஹிப் ஏற்கும், மற்றவர்கள் ஆய்வுகூடத்தில் கைக்காசு கட்டவேண்டும். எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வசந்த காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு இன்சுலினோ ரத்தச் சர்க்கரையை இறக்கும் குளிசையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், மருந்தின் அளவை வைத்தியர்தான் மாற்றவேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரை வகையைத் திடீரென்று கூட்டினால் அதிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குழப்பும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசளி மாதிரி ஒக்சலேற் கூடிய கீரையைப் பச்சையாக அள்ளிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தொடங்கவே வேண்டாம்.

2. எவ்வளவு பச்சை என்று முடிவெடுங்கள்

முதல் குளிர்காலத்தில் நூறு சதவீதம் போகாதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். காலையும் மதியமும் சமைக்காத உணவு, இரவு ஒரு வேளை சூடான பருப்போ சூப்போ மரக்கறியோ. இப்படிப் போனால் ஏப்ரல் வரை தாக்குப்பிடிக்கலாம். முழுக்கப் பச்சை என்று தொடங்கி மூன்றாம் கிழமை நடு இரவில் கொத்துரொட்டிக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜெர்மனியில் கீஸன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நீண்ட காலம் சமைக்காத உணவு எடுத்தவர்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறியோ முழுதாக நின்றோ இருந்தது. உணவில் 90 சதவீதத்துக்கு மேல் பச்சையாக எடுத்தவர்களிடம் இது கூடுதலாக இருந்தது. பெண்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப் போனால் அது "உடம்பு சுத்தமாகிறது" என்பதற்கான அறிகுறி அல்ல, சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வது.

3. வயிறு நிறைந்தால் போதாது, கணக்குப் பாருங்கள்

எல்லோரும் விழும் குழி இதுதான். ஒரு பெரிய கோப்பை லெற்றூஸ் 300 கிராம் இருக்கும், அதில் 45 கலோரி. வெள்ளரியும் தக்காளியும் சேர்த்தாலும் நூறைத் தொடாது. வயிறு முட்டிவிடும், ஆனால் ஒரு மணி நேரத்தில் கை கால் சில்லிடும். சாப்பிடுவது குறைந்தால் உடம்பு சூடு உண்டாக்குவதையும் குறைத்துக்கொள்ளும். "பச்சை உணவு உடம்பைக் குளிர வைக்கிறது" என்று நம் வீடுகளில் சொல்வதில் பாதி இந்தக் கலோரிக் குறைவுதான்.

அடர்த்தியான பொருள்தான் குளிர்காலத்துக்கு ஆதாரம், இலைதழை எல்லாம் பக்கத்தில் வைப்பது. ஏறத்தாழ ஒரு கலோரிக் கணக்குத் தருகிறேன்: வாழைப்பழம் நான்கு 420, பாதாம் 50 கிராம் 290, தேங்காய்ப்பூ 100 கிராம் 350, பெரிய மெட்ஜூல் பேரீச்சை ஐந்து 330, அவகாடோ ஒன்று 240, அப்பிள் இரண்டு 190. மொத்தம் 1,800ஐத் தாண்டும். இதற்கு மேல் மரக்கறி, முளைப்பயறு, எள்ளு. குளிரில் வெளியே நின்று வேலை செய்பவர், உயரமான ஆண், இவர்களுக்கு இதுவும் போதாது, அவர்களுக்குத்தான் இரவில் சமைத்த வேளை கட்டாயம் வேண்டும் என்கிறேன். முதல் ஒரு மாதம் எழுதிக் கணக்குப் பாருங்கள், அப்புறம் கண்ணே அளந்துவிடும்.

4. கடை, விலை, வரி

எனக்கு ஒருவருக்கு வாரம் 90 முதல் 110 டொலர் வரை போகிறது. குளிர்காலத்தில் ராஸ்பெரி, மாம்பழம், திராட்சை என்று தேடினால் அது இரண்டு மடங்காகும். பருவத்தோடு போங்கள். நவம்பர் முதல் மொறோக்கோவிலிருந்து சின்னத் தோடம்பழங்கள் பெட்டி பெட்டியாக வரும், பிறகு நேவல் தோடம்பழம், மாதுளை, பெர்சிமன். ஒன்ராறியோ அப்பிளும் கரட்டும் கோவாவும் பீட்ரூட்டும் களஞ்சியத்திலிருந்து குளிர்காலம் முழுக்க மலிவாகக் கிடைக்கும். வாழைப்பழம் வருடம் முழுக்க மலிவு, இந்த உணவுமுறையைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான்.

வரியில் கவனம். அடிப்படை மளிகைக்கு வரி இல்லை, ஆனால் 13 சதவீத எச்எஸ்ரி எதில் விழும் என்பது பலருக்குத் தெரியாது. உப்பிட்ட பாதாமுக்கும் கஜுவுக்கும் வரி உண்டு, உப்பில்லாத பச்சைக்கு இல்லை. முழு அன்னாசிக்கு வரி இல்லை, வெட்டி அடுக்கிய பழத்தட்டுக்கு உண்டு. கடையில் கலந்து வைத்த சலாட்டுக்கும் உண்டு. விற்றமின் போத்தல்களுக்கும் உண்டு. வெட்டின கூலியும் கொடுத்து வரியும் கட்டுவதைவிட வீட்டில் ஒரு கூரான கத்தி வைத்துக்கொள்வது நல்லது.

"பச்சை" என்று பெயர்ச்சீட்டில் போட்டிருப்பதை நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். கலிபோர்னியாப் பாதாம் 2007 முதல் வட அமெரிக்க விற்பனைக்குக் கிருமிநீக்கம் செய்யப்பட்டே வருகிறது. கஜுவின் ஓட்டை உடைப்பதற்கே ஆவியில் அவிக்கிறார்கள் அல்லது வறுக்கிறார்கள். அவல் அவித்து இடித்தது. இதனால் ஒரு கேடும் இல்லை, சாப்பிடுங்கள்.

வாங்கிய பழத்தை வீட்டுக்குக் கொண்டு போவதும் ஒரு வேலைதான். வாழைப்பழம் 12, 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோலுக்குள் கெடத் தொடங்கும். மைனஸ் பதினைந்தில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றீர்கள் என்றால் வீட்டில் மஞ்சளாக இறக்கி வைத்த சீப்பு மறுநாள் காலை சாம்பல் கலந்த கறுப்பாகக் கிடக்கும், அதற்குப் பிறகு ஒழுங்காகப் பழுக்காது. இலை வகை அதைவிட மோசம், உறைந்து இளகினால் சேறு மாதிரி ஆகிவிடும். சூடு காக்கும் பை ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் வாழைப்பழத்தை ஜக்கெற்றுக்குள் அணைத்துக்கொண்டு போங்கள், கரட்டையும் கோவாவையும் வெளியே தூக்குங்கள். காரின் டிக்கியில் இரவு வைத்துவிடாதீர்கள்.

பேஸ்மென்றில் குளிரறை இருக்கும் வீடு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அப்பிளையும் கரட்டையும் பெட்டியாக வாங்கி வைக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம், அப்பிளிலிருந்து வரும் எதிலீன் வாயு கரட்டைக் கசக்க வைக்கும்.

5. சூடாக்கலாம், சமைக்க வேண்டாம்

சமைக்காத உணவு என்றால் குளிர்ந்த உணவு என்று ஒரு சட்டமும் இல்லை. இந்த முறையைப் பின்பற்றுபவர்கள் பெரும்பாலும் 42 முதல் 48 டிகிரி செல்சியஸ் வரை அனுமதிக்கிறார்கள். அது நல்ல இளஞ்சூடு, வாய்க்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கும்.

15, 20 டொலருக்கு ஒரு சமையலறை வெப்பமானி வாங்குங்கள். நான் அடிக்கடி செய்யும் கரட் சூப் இது: இரண்டு கரட், அரை அவகாடோ, பெருவிரல் அளவு இஞ்சி, ஒரு சின்னப் பல் உள்ளி, தேசிக்காய்ப் புளி, மிளகு, உப்பு. கரட்டை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து எழுபது டிகிரி வரை ஆறவிட்டு, மரக்கறியின் எடைக்கு ஏறத்தாழச் சமமாக ஊற்றி அரைத்தால் 45 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். கோப்பையை முதலில் சுடுதண்ணீரில் அலசிக்கொள்ளுங்கள். குளிர்ந்த கோப்பையில் ஊற்றினால் மேசைக்கு வருவதற்குள் பாதிச் சூடு போய்விடும். அரைத்ததும் குடித்துவிட வேண்டும், போத்தலில் ஊற்றி மதியத்துக்கு என்று வைத்திருப்பது கிருமிக்கு விருந்து, அந்த இளஞ்சூட்டில்தான் அவை வேகமாகப் பெருகும்.

ஒரு எச்சரிக்கை. மூடி இறுக்கித் தலைகீழாகச் செருகும் சின்னப் பிளெண்டர்களில் சூடான எதையும் அரைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். மேலே மூடி உள்ள சாதாரண ஜாடியில், நடு மூடியைச் சற்றுத் திறந்து துணியால் பொத்திக்கொண்டு அரையுங்கள்.

நம் வீட்டுச் சம்பல்களை மறந்துவிடாதீர்கள். வல்லாரைச் சம்பல், கரட் சம்பல், வெங்காயச் சம்பல், இவையெல்லாம் ஏற்கனவே சமைக்காத உணவுதான். வல்லாரையைக் கழுவி நீர் வடியவிட்டு மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு சேர்த்துக் கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் ஐந்து நிமிட வேலை. தேங்காயின் கொழுப்பும் மிளகாயின் உறைப்பும் சேரும்போது குளிர் அவ்வளவு தெரியாது. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் வல்லாரை குளிர்காலத்திலும் வரும், வியாழன் வெள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

பழம் மரக்கறியைச் சூடான காற்றில் உலர்த்தும் கருவி (உலர்த்தி) வாங்குவதென்றால் வெப்பநிலையை மாற்றக்கூடியதாக வாங்குங்கள். ஒரே ஒரு சூட்டில் ஓடும் மலிவான வகை பலவேளை 60, 70 டிகிரிக்கு மேல் போகும், அதற்கு அடுப்பே போதுமே. 500 வாற் உலர்த்தி பத்து மணி நேரம் முழுச் சக்தியில் ஓடினால் 5 யூனிற் மின்சாரம். நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் இருப்பவர்களுக்கு ஒன்ராறியோவில் இரவு 7 முதல் காலை 7 வரையும் வார இறுதியிலும் மலிவு, ஆகவே இரவில் போட்டுவிட்டுப் படுங்கள்.

6. முளைப்பயறும் பிரீசரும்: இங்கேதான் வயிறு கெடும்

ஊரில் ஒரே இரவில் முளைக்கும் பயறு இங்கே இரண்டு நாள் எடுக்கும். ரொறன்ரோவில் வாடகை வீட்டில் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி தரவேண்டும் என்பது விதி, அந்தச் சூட்டில் முளை மெதுவாகத்தான் வரும். ஹீற்றர் காற்று வேறு அறையை உலர்த்திவிடும். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வையுங்கள், காற்று வரும் துவாரத்தின் பக்கத்தில் வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று முறை அலசுங்கள், வால் விட்டதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போடுங்கள். விதைக்குள்ளேயே சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம், கழுவுவதால் அது முழுதாகப் போகாது. அதனால்தான் முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள் பச்சை முளையைத் தவிர்க்க வேண்டும் என்று கனடா சுகாதாரத் துறை சொல்கிறது. வீட்டில் அம்மா அப்பா இருந்தால் அவர்கள் பங்கை அவித்துக் கொடுங்கள்.

சிவப்பு ராஜ்மா அவரையை முளைகட்டியும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, அதிலுள்ள லெக்ரின் என்ற நச்சுப் புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். மரவள்ளி பச்சையாக வேண்டவே வேண்டாம், சயனைட் பிரச்சினை.

உறைந்த மரக்கறிப் பைகளில் பெரும்பாலானவை சமைத்துச் சாப்பிடுவதற்கென்றே தயாரிக்கப்பட்டவை, பையின் பின்பக்கம் அப்படியே எழுதியிருக்கும். லிஸ்ரீரியா என்ற கிருமி குளிரிலும் உயிரோடிருக்கும். பிரீசர் தேங்காய்ப்பூவும் அப்படித்தான், 2018இல் அமெரிக்காவில் உறைந்த தேங்காய்ப்பூவால் சல்மொனெல்லா பரவியது. பச்சையாகச் சாப்பிட முழுத் தேங்காயை வாங்கி உடைத்துத் துருவுங்கள். வாங்கும்போது ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கவேண்டும், மூன்று கண்ணிலும் ஈரமோ பூஞ்சையோ இருக்கக் கூடாது.

7. சாப்பாட்டால் வராத சத்துகள்

பி12 முதலில். தாவர உணவில் நம்பத்தக்க பி12 இல்லை. ஸ்பிருலினா என்ற பாசித் தூளில் இருக்கிறது என்று விற்பார்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத வடிவம். வளர்ந்தவருக்கு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், குளிசையாக எடுங்கள். சர்க்கரை வியாதிக்கு மெற்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே பி12ஐக் குறைக்கும், அவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும்.

விற்றமின் டி அடுத்தது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை இந்த அட்சரேகையில் வெயில் அடித்தாலும் தோல் அதை ஏறத்தாழ உண்டாக்குவதே இல்லை. நம் கறுத்த தோலுக்கு வெயில் இன்னும் கூடுதலாகத் தேவை. 70 வயது வரை நாளைக்கு 600 அலகு, அதற்கு மேல் 800 என்பது கனடா சுகாதாரத் துறையின் பரிந்துரை. வைத்தியர் சொல்லாமல் 4,000ஐத் தாண்டாதீர்கள்.

அயடினைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கனடாவில் மேசை உப்பில் அயடின் கட்டாயம் உண்டு, ஆனால் இந்த உணவுமுறைக்காரர்கள் விரும்பி வாங்கும் இளஞ்சிவப்பு இமாலய உப்பில் அதைச் சேர்ப்பதில்லை. சாதாரண உப்பே போதும். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், இரும்புச்சத்து உடம்பில் சேரும். தோடம்பழமும் பேரீச்சையும் நிறையச் சாப்பிடுவதால் பல்லும் பாதிக்கும். சாப்பிட்டதும் தண்ணீரால் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

8. எப்போது நிறுத்துவது

முதல் இரண்டு கிழமை வயிறு ஊதும், வாயு பிரியும், அது நார்ச்சத்துக்கு உடம்பு பழகும் காலம். கோவா, வெங்காயத்தைக் குறைத்துக்கொண்டால் சரியாகும். ஆனால் மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எடை விழுவது, முடி கொட்டுவது, எப்போதும் குளிர்வது, படி ஏறத் தலை சுற்றுவது, விரல் நுனி மரப்பது, மாதவிடாய் தவறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே சமைத்த வேளையைக் கூட்டிவிட்டு வைத்தியரைப் பாருங்கள். விரல் மரத்துப்போவது பி12 குறைவாக இருக்கலாம், அதை நீண்ட நாள் விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடும்.

எல்லாம் நன்றாகப் போனாலும் மார்ச் கடைசியில் மறுபடி அதே ரத்தப் பரிசோதனைக்கு நேரம் எடுங்கள். செப்டம்பர் முடிவைப் பக்கத்தில் வைத்து முதலில் ஃபெரிட்டினையும் பி12ஐயும் பாருங்கள். இரண்டும் இறங்கவில்லை என்றால் அடுத்த குளிர்காலத்துக்கு இதே அளவில் தொடரலாம். இறங்கியிருந்தால் கோடை வருகிறது என்று காத்திருக்காமல் அந்தக் கிழமையே வைத்தியரிடம் பேசிக் குளிசையையோ சாப்பாட்டையோ மாற்றுங்கள்.